திரை போட்டுக் கேட்டால் தெரியும்

சங்கீதம் என்பது பிறவியிலேயே வரவேண்டிய வித்தை என்றும், அது இன்ன குலத்தாருக்கும், இன்ன நிறத்தாருக்கும், ஆணாய்ப் பிறந்தவருக்குந்தான் கைவரும் என்றும் சொல்லுகின்றவர்கள் எல்லா தேசங்களிலும் இருக்கின்றார்கள். நம் நாட்டில் மாத்திரந்தான் இந்தப் பைத்தியம் இருப்பதாக யாரும் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே பைத்தியம் பெரிய பெரிய சங்கீத மண்டபங்களுக்குள் நீண்ட காலமாகக் குடியிருந்து வந்திருக்கின்றது. ஆனால் அங்கே சிலர் ஒரு காரியம் செய்தார்கள். வாதத்தை நிறுத்திவிட்டுப் பரீட்சை செய்து பார்த்தார்கள். அந்தப் பரீட்சைக்கு வேண்டியிருந்த சாமான் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு துணித் திரை.

வெள்ளைக்காரர் சங்கீதத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நாம் அந்தச் சங்கீதத்தில் பண்டிதரல்ல. ஆனால் சந்தையில் மாடு பிடிக்கின்றவன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான், நடக்கவிட்டுப் பார்க்கின்றான், ஏரில் பூட்டிப் பார்க்கின்றான். மாடு யார் வீட்டுத் தொழுவத்தில் பிறந்தது என்று மாத்திரம் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. மாட்டுக்குக் காட்டுகின்ற அறிவை மனிதனுடைய வித்தைக்குக் காட்ட வேண்டாமா என்பதுதான் நமது கேள்வி. இதற்கு அங்கே பிரத்தியட்சமான பதில் கிடைத்திருப்பதால்தான் இதை எழுதுகின்றோம்.

மேல்நாட்டில் ஆர்க்கெஸ்ட்ரா என்பது 80, 100 பேர் ஒன்றாய் உட்கார்ந்து வாசிக்கின்ற பெரிய வாத்தியக் கோஷ்டியாகும். அதில் ஒரு இடம் காலியானால் பரீட்சை வைத்து ஆள் எடுப்பார்கள். முன்னெல்லாம் யாருடைய சிஷ்யன், யாருடைய மகன் என்பதே பாதிப் பரீட்சையாக இருந்து வந்தது. 1952-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கோஷ்டியார் பரீட்சைக்கு வந்தவர்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள். பிறகு மற்றக் கோஷ்டிகளும் ஒவ்வொன்றாய் இதைக் கைக்கொண்டன. நடந்து வரும் செருப்பின் ஓசையைக் கொண்டு ஆணா பெண்ணா என்று கண்டுகொள்ளக்கூடாதென்று தரையில் கம்பளமும் விரித்தார்கள். மனிதனுடைய காது எவ்வளவு யோக்கியமானது, கண் எவ்வளவு கபடமானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியும் வேண்டுமோ?

1980-ல் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள பெரிய கோஷ்டிக்கு டிராம்போன் என்னும் நீண்ட பித்தளைக் குழல் வாசிக்க ஆள் வேண்டியிருந்தது. வந்தவர்களில் ஒருவர் அவ்வூர்ச் சங்கீதக்காரர்களுக்குத் தெரிந்தவரின் மகன். ஆகையால் பட்சபாதம் என்ற பேச்சு வரக்கூடாதென்று திரை கட்டினார்கள். 33 பேரில் 16-வதாக வாசித்தவரைக் கேட்டதும், நமக்கு வேண்டிய ஆள் இவர்தான் என்று தீர்மானித்து, மீதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரையை விலக்கினால் எதிரில் நின்றவர் அபி கோனன்ட் என்ற அமெரிக்கப் பெண்! அழைப்புக் கடிதத்தில் அவரை ஆண் என்று நினைத்தே எழுதியிருந்தார்கள். காது எடுத்த தீர்மானத்தைக் கண் ஒப்புக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில காலத்துக்கெல்லாம், முதல் டிராம்போனுக்கு ஆண் பிள்ளைதான் வேண்டுமென்று சொல்லி அவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். அந்த அம்மையார் கோர்ட்டுக்குப் போனார். மூச்சு போதுமா என்று வைத்தியரிடம் சோதனைக்கும் உட்பட்டார். வழக்குகள் 1993 வரையில் நீண்டன. கடைசியில் ஜெயித்தது அவரேதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? திரை இருந்த வரையில் அந்த அம்மையாருக்கு மூச்சும் இருந்தது, வித்தையும் இருந்தது. திரை நீங்கினவுடன் இரண்டும் ஓடிப்போய்விட்டனவாம்! அப்படியானால் குறை இருந்தது வாசித்தவரின் நெஞ்சிலா, பார்த்தவர்களின் நெஞ்சிலா என்று கேட்கின்றோம்.

அமெரிக்காவின் முதன்மையான 5 கோஷ்டிகளில் 1970-ல் 100-க்கு 5 பேர் கூடப் பெண்கள் இல்லை. 1997-ல் அது 25 ஆயிற்று. 2022-ல் நியூயார்க் பில்ஹார்மோனிக் என்னும் கோஷ்டியில் பெண்கள் 45, ஆண்கள் 44 என்று கணக்கு ஏறிவிட்டது. இதற்குத் திரை ஒன்றே காரணமென்று நாம் சொல்ல வரவில்லை. சட்டமும் கிளர்ச்சியும் சேர்ந்தே இது நடந்தது. ஆனால் பெண்ணுக்குச் சங்கீத ஞானம் இயற்கையிலேயே குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன பதில் சொல்லுவார்கள்? ஐம்பது வருஷத்துக்குள் இயற்கையா மாறிவிட்டது? வியன்னா நகரத்துப் பில்ஹார்மோனிக் கோஷ்டி 1842-ல் ஏற்பட்டது. அது முதன் முதல் ஒரு பெண்ணை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது 1997-ல்தான். அவரும் புதியவரல்ல, 20 வருஷத்துக்கு மேலாக அதே கோஷ்டியோடு ஹார்ப் என்னும் யாழ் போன்ற வாத்தியத்தை வாசித்து வந்தவர். வேலைக்கு ஆகும், அங்கத்தினர் பட்டியலுக்கு ஆகாது என்ற இந்த நியாயம் நம்மவர்களுக்குப் புதிதாயிருக்காது.

இதுவரையில் சொன்னது வாசிக்கின்றவர்களைப் பற்றி. இனி, புதிதாக இசை இயற்றுகின்ற வாலிபர்களின் கதி என்ன என்பதே நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. வாசிக்கின்றவருக்கு ஒரு திரையாவது கிடைத்தது. இயற்றுகின்றவருக்கு அதுவும் பெரும்பாலும் இல்லை. அவருடைய காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே பெயரைப் பார்க்கின்றார்கள். ஆணா பெண்ணா என்று பார்க்கின்றார்கள். யாரிடம் படித்தவர் என்று பார்க்கின்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, செத்துவிட்டாரா, உயிரோடிருக்கின்றாரா என்று பார்க்கின்றார்கள். செத்தவராயிருந்தால் மரியாதை அதிகம்.

பிளாரன்ஸ் பிரைஸ் என்ற அம்மையார் 1887-ல் அமெரிக்காவில் லிட்டில் ராக் என்னும் ஊரில் பிறந்தவர், கருப்பு இனத்தவர். அவர் இயற்றிய முதல் சிம்பொனியை 1933-ல் சிகாகோ நகரத்துக் கோஷ்டியார் வாசித்தார்கள். அமெரிக்காவின் பெரிய கோஷ்டி ஒன்று ஒரு கருப்புப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் தடவை. 1943-ல் அவர் பாஸ்டன் கோஷ்டியின் தலைவராயிருந்த குசெவிட்ஸ்கி என்பவருக்குக் கடிதம் எழுதினார். தாம் பெண் என்பதும், தம் உடம்பில் கருப்பர் இரத்தம் ஓடுகின்றது என்பதுமாகிய இரண்டு தடைகளைத் தாமே முதலில் சொல்லிவிட்டு, இசையின் யோக்கியதையை மாத்திரம் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். அதாவது, அந்த அம்மையார் கேட்டதும் ஒரு திரைதான்! குசெவிட்ஸ்கி அவருடைய இசை ஒன்றையும் வாசிக்கவில்லை. அதே பாஸ்டனில் 1952-ல் வாசிக்கின்றவர்களுக்குத் திரை கட்டினார்கள்; 1953-ல் அந்த அம்மையார் இறந்துபோனார். இயற்றியவருக்கு மாத்திரம் திரை வந்து சேரவில்லை.

பிறகு நடந்ததுதான் மனதை வருத்துகின்றது. 2009-ல் இல்லினாய் மாகாணத்தில் செயின்ட் ஆன் என்னும் சிற்றூரில், பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைப் பழுதுபார்க்கப் போனவர்கள் உள்ளே கட்டுக்கட்டாய்க் காகிதம் இருக்கக் கண்டார்கள். அது அந்த அம்மையார் கோடைக் காலத்தில் தங்கி வந்த வீடு. அந்தக் காகிதங்களில் இரண்டு பிடில் கச்சேரி இசைகளும் ஒரு சிம்பொனியும் இருந்தன. 2022-ல் அவருடைய சிம்பொனிகளின் இசைத்தட்டுக்கு கிராமி பரிசு கிடைத்தது. செத்து 69 வருஷத்துக்குப் பின்! உயிரோடு இருந்தபோது ஒரு பதில் எழுத மனமில்லாத உலகம், செத்தபின் மாலை போடுகின்றது. அந்த வீட்டுக் கூரை இன்னும் நாலு மழைக்குத் தாங்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படிக் கூரை விழுந்து மண்ணாய்ப் போன காகிதங்கள் உலகத்தில் எத்தனையோ, யார் கணக்கு வைத்திருக்கின்றார்கள்?

“பழைய மகான்களின் இசை இருக்க, நேற்றுப் பிறந்தவனுடையதை எதற்காகக் கேட்பது?” என்று வைதீகர்கள் கேட்பார்கள். பழையதைக் கொளுத்திவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழையதின் சரித்திரத்தையாவது அவர்கள் ஒழுங்காய்ப் படிக்கட்டும். பாக் என்பவரை இன்று தெய்வமாகக் கொண்டாடுகின்றார்கள். 1723-ல் லைப்சிக் நகரசபையார் அவரை வேலைக்கு எடுத்தபோது அவர் முதலில் விரும்பப்பட்டவரல்ல. டெலிமான் வர மறுத்து, கிராப்னருக்கும் வர முடியாமற்போன பிறகே பாக்குக்கு வேலை கிடைத்தது. கிடைத்த வேலையில் அவர் ஆரம்ப வருஷங்களில் அநேகமாக வாரம் ஒரு புது இசை எழுதி அரங்கேற்றினார். அவரே புதுமைக்காரர்தான்! அவர் இறந்தபின் அவருடைய பெரிய ‘மத்தேயு’ இசை நெடுநாள் மூடிக் கிடந்தது. 1829-ல் அதை பெர்லினில் மறுபடியும் கேட்கச் செய்தவர் மெண்டெல்சன் என்ற 20 வயது வாலிபர். எனவே பழையதைக் காப்பாற்றியதும் ஒரு இளைஞனேயல்லாமல் பழைமைப் பிரியர்களல்ல.

“புதிய இசை காதுக்கு நாராசமாயிருக்கின்றதே” என்பது இன்னொரு ஆட்சேபணை. 1913 மே 29-ல் பாரிஸ் நகரத்தில் ஸ்ட்ராவின்ஸ்கி இயற்றிய ‘வசந்தச் சடங்கு’ முதன் முதல் ஆடப்பட்டபோது, கூட்டத்தார் கூச்சலிட்டுச் சண்டைக்கு நின்றார்கள். அப்பொழுது அவருக்கு வயது 30. 1940-ல் அதே இசையை டிஸ்னி கம்பெனியார் தங்களுடைய சித்திரப் படத்தில் சேர்த்தார்கள். குழந்தைகள் சிரித்துக்கொண்டு பார்த்தார்கள். 27 வருஷத்தில் மாறினது இசையல்ல, கேட்கின்ற காதுதான். காது பழக்கத்துக்கு அடிமை. அந்த அடிமைத்தனத்தை ரசனை என்று பெயரிட்டு அழைப்பதால் அது அறிவாகிவிடாது. புதிதாயிருப்பதனாலேயே எல்லாம் உயர்வு என்றும் நாம் சொல்லவில்லை. கேட்டபின் தள்ளுவது அறிவு. கேளாமல் தள்ளுவது மூடத்தனம்.

கதவு கொஞ்சங் கொஞ்சமாய்த் திறந்து வருகின்றது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2013-ல் கரோலின் ஷா என்ற பெண், எட்டுப் பேர் குரலுக்காக இயற்றிய இசைக்கு அமெரிக்காவின் புலிட்சர் பரிசைப் பெற்றார். பாட்டோடு பேச்சும், முணுமுணுப்பும், மூச்சும் கலந்த இசை அது. அப்பொழுது அவருக்கு வயது 30. இசைக்காக அப்பரிசு பெற்றவர்களில் அவ்வளவு இளையவர் அதற்குமுன் இல்லை. 2018-ல் லண்டன் பிராம்ஸ் கச்சேரிகளை நடத்துகின்றவர்கள், புதிதாய் எழுதச் சொல்லிக் கொடுக்கும் வேலைகளில் பாதியை 2022-க்குள் பெண்களுக்குக் கொடுப்பதென்று வாக்குக் கொடுத்தார்கள். ஆனால் மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். நியூயார்க்கில் மெட்ரபாலிடன் ஆபரா என்னும் பெரிய நாடக இசை மண்டபத்தில் 1903-ல் ஒரு பெண் இயற்றியது நடந்தது. அடுத்த பெண்ணினுடையது நடந்தது 2016-ல்! நடுவில் 113 வருஷம். வியன்னாவின் புகழ்பெற்ற புத்தாண்டுக் கச்சேரி 1939-ல் ஆரம்பமாயிற்று. அதில் ஒரு பெண் இயற்றிய இசை முதன் முதல் வாசிக்கப்பட்டது 2025 ஜனவரி 1-ல். அதை இயற்றிய கான்ஸ்டான்ஸ் கைகர் 1835-ல் பிறந்தவர். சிறுமியாயிருந்தபோதே அதை எழுதியவர். அந்தச் சிறுமி தன் ஊரின் பெரிய கச்சேரிக்குள் நுழைவதற்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

திரை எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது என்பதே நமது பதில். திரை முகத்தை மறைக்கும். பிடில் வாங்கிக் கொடுக்காது. அமெரிக்கக் கோஷ்டிகளில் 2014-ல் எடுத்த கணக்கில் கருப்பர் 100-க்கு 2 பேர் கூட இல்லை. பரீட்சை மண்டபத்துக்கு வந்து சேருவதற்குப் பத்துப் பதினைந்து வருஷத்துப் படிப்பும், வாத்தியமும், வாத்தியாரும் வேண்டியிருக்கின்றன. இவையில்லாத வீட்டுப் பிள்ளை திரைக்குப் பின்னால் எப்படி வந்து நிற்கும்? 2016-ல் இங்கிலாந்தில் பி.பி.சி. நடத்தும் இளம் வித்துவான் போட்டியில் ஷெகு கானே-மேசன் என்ற கருப்பு இளைஞர் ஜெயித்தார். 1978-ல் அப்போட்டி ஆரம்பித்தது முதல் அவர் இனத்தாரில் ஜெயித்தது அவரே முதல்வர். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். பள்ளிக்கூடங்களில் சங்கீதப் படிப்பைக் குறைக்கக்கூடாதென்று அவரே வாதாடி வருகின்றார். இதைக் காட்டித் திரையையே எடுத்துவிட வேண்டும் என்று சிலர் 2020 முதல் அங்கே சொல்லுகின்றார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால் எடுக்க வேண்டியது திரையையல்ல, திரைக்கு வரும் வழியிலுள்ள வேலியை என்பதே நமது அபிப்பிராயம்.

ஆகவே நாம் சொல்லுவது இவ்வளவுதான். வாசிக்கின்றவர்களுக்குப் பரீட்சை முடிகின்ற வரையில் திரை இருக்கட்டும். கடைசிச் சுற்றில் எடுத்துவிடுகின்ற தந்திரம் வேண்டாம். புதிய இசையைத் தேர்ந்தெடுக்கின்றவர்கள், சில போட்டிகளில் இப்பொழுதே செய்வதுபோல, முதலில் பெயரை மறைத்துப் படிக்கட்டும். ஒரு தடவை வாசித்துவிட்டு மூலையில் போட்டுவிடாமல் இரண்டாம் தடவையும் வாசிக்கட்டும். சிறு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியம் கிடைக்கட்டும். இவை நடந்த பிறகும் யாராவது பிறவியின் பெருமையைப் பேசினால் அப்பொழுது கேட்டுக்கொள்ளுவோம்.

தோழர்களே! இது தூரதேசத்துக் கோஷ்டிகளுக்கு மாத்திரம் சொன்ன புத்தியல்ல. ஒரு புதிய பாட்டுக்காரரோ, புதிதாய் இயற்றுகின்றவரோ உங்கள் முன் வந்தால், யார் மகன், எந்தத் தெரு, எந்தக் குரு என்று கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். துணிகூட வேண்டியதில்லை, உங்கள் இமையே திரை. கேட்டு முடித்தபின் பெயரைக் கேளுங்கள்.