ஒரே ஒரு மாணவர்... அவருக்காகப் பிறந்த புத்தகம்! | வகுப்பறைக் கதைகள்

1865-ம் ஆண்டின் இலையுதிர் காலம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் இருக்கும் கிரீன்வில் நகரம். உள்நாட்டுப் போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

பாப்டிஸ்ட் திருச்சபையின் இறையியல் கல்லூரி ஒன்றில் பேராசிரியர் ஜான் பிராடஸ் வகுப்புக்குள் நுழைகிறார். பாடம், பிரசங்கக் கலை. எதிரே உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு மாணவர். அவருக்குப் பார்வை கிடையாது.

'ஒருத்தருக்காகப் பாடமா?' என்று அந்த வகுப்பையே ரத்து செய்திருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பிராடஸ், பாடப்புத்தகத்தை வாசிக்க முடியாத அந்த மாணவருக்காக ஒவ்வொரு பாடத்தையும் புதிதாகவே தயாரித்தார். காதால் கேட்டாலே மனதில் நிற்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் விரிவாக, வரிசையாக எழுதினார்.

அந்தக் குறிப்புகள்தான் 1870-ல் புத்தகமாக வந்தன. பிரசங்கத்துக்கான விஷயத்தை எங்கிருந்து எடுப்பது, எப்படி அடுக்குவது, எந்த நடையில் சொல்வது, எப்படிப் பேசுவது என எல்லாம் அதில் உண்டு. 1898, 1944, 1979 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டு மறுபடியும் வெளியானது. தலைமுறை தலைமுறையாகப் போதகர்கள் அதைப் படித்துத்தான் மேடை ஏறினார்கள்.

கேட்கவே நெகிழ்ச்சியாக இருக்கிறது, இல்லையா? ஆனால், கதை இத்துடன் முடியவில்லை.

பட்டம் இல்லையா... பரவாயில்லை, வாங்க!

'சதர்ன் பாப்டிஸ்ட் தியாலஜிக்கல் செமினரி' என்பது அந்தக் கல்லூரியின் பெயர். செமினரி என்றால் போதகர்களை உருவாக்கும் இறையியல் கல்லூரி. விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடுகிறவர்களுக்குத்தான் ஞானஸ்நானம், அதுவும் தண்ணீரில் முழுக்கித்தான் என்பது பாப்டிஸ்ட் சபையினரின் நம்பிக்கை.

இந்தக் கல்லூரிக்கான யோசனையை 1856-ல் முன்வைத்தவர் ஜேம்ஸ் பாய்ஸ். அப்போது அவருக்கு வயது 29. போதகராக விரும்புகிறவருக்கு கிரேக்கமும் லத்தீனும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, கல்லூரிப் பட்டமும் வேண்டாம், ஆங்கில வேதாகமத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும் என்றார். அதே நேரம், ஆழமாகப் படிக்க நினைப்பவர்களுக்கு உயர்கல்வியும் அங்கேயே கிடைக்க வேண்டும் என்றார். அறிஞர்களும் சாதாரண கிராமத்து இளைஞர்களும் ஒரே கூரையின் கீழ் படிக்கும் இடம். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல்.

1859-ல் 4 ஆசிரியர்கள், 26 மாணவர்களுடன் கல்லூரி தொடங்கியது. போர் வந்ததும் 1862-ல் மூடப்பட்டது. 1865-ல் மறுபடியும் திறந்தபோது வந்தவர்கள் 7 பேர் மட்டுமே. கையில் பணமும் இல்லை. 'நாம் இருக்கும்வரை கல்லூரியைச் சாக விடக்கூடாது' என்ற முடிவோடு நான்கு ஆசிரியர்களும் தாக்குப்பிடித்தார்கள். அந்த 7 பேரில் ஒருவர்தான், பிரசங்க வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த மாணவர்.

1877-ல் கல்லூரி கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே மாணவராகச் சேர்ந்து, பிறகு அங்கேயே பேராசிரியர் ஆனவர் ஏ.டி.ராபர்ட்சன். பிராடஸின் மருமகனும் அவர்தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழிக்கு அவர் எழுதிய இலக்கண நூல் 1914-ல் வெளியானது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த நூலை அறிஞர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

அறைக்கு வெளியே நின்றவர்கள்

இப்போது கதையின் அடுத்த பக்கம். பார்வையற்ற மாணவருக்காக மெனக்கெட்ட அதே பிராடஸ், மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அவர் மட்டுமல்ல, கல்லூரியைத் தொடங்கிய நான்கு ஆசிரியர்களும் அப்படித்தான். நால்வரிடமும் சேர்த்து 50-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள்.

இந்தத் திருச்சபை அமைப்பு பிறந்த கதையிலும் அடிமைமுறை உண்டு. 'அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா?' என்ற சண்டையில்தான் தென் மாநில பாப்டிஸ்டுகள் 1845-ல் தனியாகப் பிரிந்தார்கள். பட்டம் இல்லாத ஏழை இளைஞருக்குத் திறந்த வாசல், கறுப்பின இளைஞருக்குத் திறக்கவில்லை.

1904-ல் கென்டக்கி அரசு ஒரு சட்டம் போட்டது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே வகுப்பறையில் படிக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். பிற்காலத்தில் படிக்க வந்த கறுப்பின மாணவர்களுக்குச் சில பேராசிரியர்கள் தங்கள் அலுவலக அறையில் வைத்துப் பாடம் எடுத்தார்கள். அதே ஆசிரியர், அதே பாடம். ஆனால், சக மாணவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார மட்டும் அனுமதி இல்லை. அப்படிப் படித்து, 1944-ல் பட்டம் பெற்றார் கார்லண்ட் ஆஃபட். அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பினப் பட்டதாரி.

1950-ல் சட்டம் தளர்ந்தது. 1951-ல் வகுப்பறைக் கதவு எல்லோருக்கும் திறந்தது. ஆனாலும் பழைய மனசு அவ்வளவு சீக்கிரம் மாறிவிடவில்லை. 1961 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் இந்தக் கல்லூரியின் சிற்றாலயத்தில் பேசினார். அவரை அழைத்ததற்காகக் கோபப்பட்ட தென் மாநிலச் சபைகள் சில, கல்லூரிக்குத் தந்துவந்த காணிக்கையை நிறுத்தின.

தன் கதையைத் தானே எழுதிய கல்லூரி

2018 டிசம்பரில் கல்லூரியே ஓர் அறிக்கை வெளியிட்டது. 70 பக்கங்களுக்கும் மேல். நிறுவனர்கள் அடிமைகளை வைத்திருந்தது, அடிமைமுறையை வேதாகமத்தைக் காட்டியே நியாயப்படுத்தியது, சிறைக் கைதிகளின் கட்டாய உழைப்பால் பணம் சேர்த்த ஜோசப் பிரவுன் என்பவரிடம் 1880-ல் 50,000 டாலர் நன்கொடை வாங்கிக் கல்லூரியைக் காப்பாற்றியது என எதையும் மறைக்கவில்லை.

அடுத்து என்ன என்பதில்தான் சிக்கல். 'பக்கத்திலிருக்கும் கறுப்பினக் கல்லூரிக்கு நிதி கொடுங்கள்' என்று லூயிவில் நகரப் போதகர்கள் சிலர் கேட்டபோது, 2019-ல் நிர்வாகம் மறுத்துவிட்டது. 2020-ல் கட்டடங்களில் உள்ள நிறுவனர்களின் பெயர்களை நீக்குவதில்லை என்று முடிவெடுத்தது. அதோடு, கறுப்பின மாணவர்களின் உதவித்தொகைக்காக 50 லட்சம் டாலர் வரை ஒதுக்குவதாகவும் அறிவித்தது. அதற்கு வைத்த பெயர், கார்லண்ட் ஆஃபட்.

'இது போதுமா?' என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு மாணவருக்காக ஒரு புத்தகத்துக்கான பாடத்தையே எழுதிய ஆசிரியரின் அக்கறை உண்மை. அந்த அக்கறை பக்கத்தில் நின்ற இன்னொரு மனிதரை எட்டவில்லை என்பதும் உண்மை. எவ்வளவு படித்தவருக்கும் கண்ணுக்கு முன்னால் இருப்பது தெரியாமல் போகலாம்.

உங்கள் ஊரில் இருக்கும் பழைய பள்ளிக்கும் கல்லூரிக்கும் இப்படி ஒரு கதை இருக்கலாம். ஆண்டு விழா மலரில் நிறுவனரின் படமும் நல்லாசிரியரின் பெயரும் நிச்சயம் இருக்கும். 'அந்தக் காலத்தில் அங்கே யாரையெல்லாம் உள்ளே விடலை?' என்று வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மலரில் இல்லாத பக்கங்கள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.