மொய்க்கு மட்டும் நோட்டு எதுக்கு?

"கல்யாண வீட்ல கணக்குப் பார்க்கக் கூடாது."

இந்த டயலாக்கை மொதமொதல்ல சொன்ன மகராசன் யாருன்னு தெரியல. நிச்சயமா ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜராத்தான் இருந்திருப்பார் :-)

போன ஞாயித்துக்கிழமை ராயபுரத்துல ஒரு டீக்கடையில இதையே மறுபடி கேட்டேன். கூட வேலை பார்க்கிறவர், பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கார். சமையல் என்ன ரேட்டு பேசினீங்கன்னு கேட்டா, "நம்ம ஆளுதாம்பா, பாத்து செய்வாரு"ன்னார். எழுதி வாங்கினீங்களா? "அய்ய, நல்ல காரியத்துக்குப் போய் இன்னாத்துக்கு எழுதிகினு!" டீயைப் பாதியில வெச்சுட்டு அரை மணி நேரம் லெக்சர் அடிச்சேன். மனுஷன் காதுலயே போட்டுக்கல. மிச்சம் இருந்த லெக்சர்தான் இந்தப் பதிவு. பின்னூட்டத்துல வந்து 'கருமி'ன்னு திட்ட நினைக்கிறவங்க தாராளமா திட்டுங்க.

என் பொழப்பு என்னன்னு இங்க வழக்கமா வர்றவங்களுக்குத் தெரியும். கன்டெய்னர் யார்டுல டேலி எழுதறது. ஒரு பெட்டி உள்ள வந்தா நாலு எழுத்து, ஏழு எண், சீல் நம்பர், எந்தப் பக்கம் ஒடுங்கியிருக்கு, எங்க துரு, எல்லாம் எழுதி, லாரி டிரைவர் கையெழுத்து, என் கையெழுத்து. டிரைவர் எனக்குப் பத்து வருஷப் பழக்கமா இருக்கலாம், அவர் வீட்டு விசேஷத்துல நான் சாப்பிட்டிருக்கலாம். இருந்தாலும் கையெழுத்து இல்லாம பெட்டி கேட்டைத் தாண்டாது. "என்னைச் சந்தேகப்படறியா?"ன்னு எந்த டிரைவரும் இதுவரைக்கும் கேட்டதில்ல. ஏன்னா அந்தத் தாள் அவரையும் காப்பாத்துது. நாளைக்கு ஒடுங்கின பெட்டியை அவர் தலையில கட்ட முடியாது.

ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் பாதி வீட்ல யாராவது ஒருத்தர் இந்த மாதிரி வேலையிலதான் இருக்கோம். ஹார்பர், யார்டு, கிளியரிங் ஆபீஸ், மணலி கம்பெனிங்க. எவனோ ஒருத்தன் சரக்குக்கு அஞ்சு காப்பி எடுத்து ஃபைல் பண்றோம். சொந்த வீட்டுக் கல்யாணம்னு வந்தா மட்டும் எட்டு லட்ச ரூபாயை வாய்வார்த்தையில இறக்கிடறோம்.

சரி, நம்ம ஜனங்களுக்கு எழுதற பழக்கமே இல்லையான்னா அதுவும் இல்ல. மொய் டேபிளைப் பாருங்க. ரெண்டு பேர் உட்கார்ந்து, ஒருத்தர் பணம் வாங்கி எண்ண, ஒருத்தர் எழுத. ஊர், பேர், அப்பா பேர், 101 ரூபாயா இருந்தாலும் பதிவு. அந்த நோட்டைத் துணி சுத்தி பீரோவுல இருபது வருஷம் வெச்சிருப்போம். உள்ள வர்ற 101-க்கு ரெண்டு சாட்சி. வெளிய போற லட்சத்துக்கு ஒரு பிட்டு பேப்பர் கிடையாது. அது மரியாதைக் குறைச்சலாம்!

இந்த மரியாதைக்கு எங்க வீடு என்ன விலை குடுத்துச்சுன்னு சொல்றேன். எங்க தரப்பை இது வரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல.

2011. அக்கா கல்யாணம், ராயபுரம் பக்கம் ஒரு மண்டபம் (பேர் வேணாம்). அப்பா ரிட்டயர் ஆன பணம் கையில இருந்துச்சு. எங்க மாமா, அம்மாவோட தம்பி, "நான் பாத்துக்கறேன் க்கா"ன்னார். மண்டபம், சமையல், மேடை டெக்கரேஷன், பேண்ட் செட், வீடியோ எல்லாமே அவருக்குத் தெரிஞ்ச ஆளுங்க. ரிசப்ஷன் சாப்பாடு இலைக்கு 120 ரூபா, 500 இலைன்னு பேச்சு. நானும் கூடத்தான் நின்னேன். பகல் பூரா யார்டுல டேலி எழுதற நான், சட்டைப் பையில பேனாவோட, வாயை மூடிக்கிட்டு நின்னேன். மாமா பேசும்போது குறுக்க பேசினா தப்பாச்சே!

சாயந்தரம் ரிசப்ஷன், மறுநாள் காலையில முகூர்த்தம். மதியம் ரெண்டு மணிக்கு மண்டபத்தைக் காலி பண்ணணும், அடுத்த பார்ட்டி வண்டி வாசல்ல நிக்குது. அப்பதான் கணக்கு வருது. ரிசப்ஷன்ல 680 இலை விழுந்துச்சாம். பேசினதுக்கு மேல 180 இலை, 21,600 ரூபா. ஜெனரேட்டர் டீசல் 6,000. கிளீனிங், காணாமப் போன பாத்திரம்னு 4,000. மொத்தம் 31,600. எண்ணினது யாரு? அவங்களே. ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடுச்சு? அவங்க சொன்னதுதான். காணாமப் போன அண்டாவை வாங்கும்போது நாங்க எண்ணி வாங்கலையே, இல்லன்னு எப்படிச் சொல்றது?

"செட்டில் பண்ணிட்டு சாமானை எடுங்க சார்"னு மேனேஜர் ரொம்ப மரியாதையாத்தான் சொன்னார். அக்காவுக்கு வாங்கின கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் உள்ள ரூம்ல, சாவி அவர் கையில. மாப்பிள்ளையோட அம்மா வேன்ல ஏறாம நின்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க. மாமா போன் ஸ்விட்ச் ஆஃப். அம்மா ஒண்ணும் பேசல. கழுத்துல இருந்த ரெண்டு சவரன் செயினைக் கழட்டி என் கையில குடுத்தாங்க. பக்கத்துத் தெரு அடகுக் கடைக்கு நான்தான் ஓடினேன். அந்தச் செயின் திரும்பி வரவே இல்ல, ஏலத்துல போயிடுச்சு.

இன்னொண்ணும் மறக்க முடியாது. பின்பக்கம் பாத்திரம் கழுவ வந்த அம்மாங்க நாலு பேர் சுவத்தோரமா உட்கார்ந்திருந்தாங்க. "பார்ட்டி துட்டு குடுக்கல, அதான் கூலி லேட்டு"ன்னு காண்ட்ராக்டர் அவங்ககிட்ட சொல்லியிருக்கார். நேத்து சாயந்தரத்துல இருந்து தண்ணியில நின்ன கையோட, ஏமாத்துக்காரனைப் பார்க்கிற மாதிரி எங்கப்பாவைப் பார்த்தாங்க. எழுதாத கணக்குல கடைசியா அடி வாங்கறது அந்த மாதிரி ஆளுங்கதான். "எழுதி வாங்கறது தொழிலாளியை அவமானப்படுத்தற மாதிரி"ன்னு அளக்கற புண்ணியவான்கள் இதுக்கு பதில் சொல்லட்டும்.

அடுத்து "பெரியவங்க காலத்துல எல்லாம் வாக்குதான்"னு ஒரு கோஷ்டி வரும். திருவொற்றியூர்க்காரன்கிட்ட வந்து இதைச் சொல்லாதீங்க. எங்க ஊர் தியாகராஜர் கோயில்ல வருஷா வருஷம் மாசித் திருவிழாவுல மகிழடி சேவைன்னு ஒண்ணு நடக்கும். பெரியபுராணக் கதைதான். சுந்தரர் இங்கதான் சங்கிலி நாச்சியாரைக் கல்யாணம் பண்ணினார். 'உன்னை விட்டுப் போகமாட்டேன்'னு மகிழ மரத்தடியில சத்தியம். எழுத்து கிடையாது, சாட்சி சாமி. என்னாச்சு? வசந்த விழா வந்ததும் திருவாரூர் ஞாபகம் வந்து கிளம்பிட்டார். எல்லை தாண்டினதும் கண் போச்சு. கண் போனது அவருக்கு, சங்கிலியாருக்கு நஷ்ட ஈடா என்ன கிடைச்சுதுன்னு சொல்லுங்க பார்ப்போம்.

இதே சுந்தரரோட மொத கல்யாணத்துல, புத்தூர்ல, கிழவர் வேஷத்துல வந்து பந்தல்லயே கல்யாணத்தை நிறுத்தினவர் என்ன கொண்டு வந்தார்? ஓலை! இவர் பிடுங்கிக் கிழிச்சாச்சு. "நீ கிழிச்சது நகல்தாம்ப்பா, மூல ஓலை என்கிட்ட இருக்கு"ன்னு திருவெண்ணெய்நல்லூர் சபையில எடுத்து வெச்சார் கிழவர். தாத்தா கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பாச்சு. சிவபெருமானே ஒரிஜினலைப் பத்திரமா வெச்சுட்டு ஜெராக்ஸை மட்டும்தான் வெளிய நீட்டியிருக்கார். நமக்கென்ன கொழுப்பு?

2022-ல தங்கச்சி கல்யாணம். பத்திரிகை அடிக்க பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனப்பவே ஒரு கட்டை நோட்டு வாங்கிட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம். என்ன தர்றாங்க, எத்தனை மணிக்கு வர்றாங்க, அட்வான்ஸ் எவ்ளோ, மீதி எப்போ, பேசினதுக்கு மேல போனா என்ன ரேட்டு, தேதி மாறினா என்ன. கீழ ரெண்டு கையெழுத்து. அவங்க போன்லயும் ஒரு போட்டோ. அவ்ளோதான் விஷயம். எக்செல்ல கலர் கலரா ஷீட் போட்டு வெச்சிருக்கேன்னு சொல்ற ஐ.டி. நண்பர்களே, உங்க ஷீட்டை சமையல்காரர் பார்த்திருக்காரா? நீங்க மட்டும் எழுதி நீங்க மட்டும் படிச்சா அதுக்குப் பேர் டைரி. கணக்குன்னா எதிராளியும் பார்த்து ஒத்துக்கணும்.

ரெண்டு சமையல் காண்ட்ராக்டர் நோட்டைப் பார்த்ததும் எழுந்து போயிட்டாங்க. மாமா கத்தினார்: "டேய், மானத்தை வாங்காதடா! ஹார்பர் புத்தியைக் கல்யாணத்துல காட்டுறான் பாரு." மூணாவதா வந்தவர் நோட்டை வாங்கிப் படிச்சார். அவரே பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்தார்: 50 இலைக்கு மேல கூடினா ராத்திரி ஏழு மணிக்குள்ள சொல்லணும், அதுக்கப்புறம் சொன்னா நான் பொறுப்பில்ல. நியாயமான வரி. ஒழுங்கா தொழில் பண்றவனுக்கு எழுத்து எப்படி உதவுதுன்னு அப்பதான் புரிஞ்சுது. அவரையும் எத்தனை பார்ட்டி ஏமாத்தியிருப்பாங்க!

காசிமேட்டுப் பக்கம் பிரியாணி போட வந்த மாஸ்டர் இன்னும் ஒரு படி மேல. கையெழுத்து போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனா அரிசியும் கறியும் வந்து இறங்கினதும், "வா தம்பி, வந்து நின்னு நிறுத்துப் பாரு, அப்பறம்தான் அடுப்பு மூட்டுவேன்"னு என்னை இழுத்துட்டுப் போனார். படிச்ச மாமாவுக்கு இருக்கற கூச்சம் அவருக்கு இல்ல.

மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் ஈ.பி. மீட்டரை ஒரு போட்டோ, கிளம்பும்போது ஒரு போட்டோ. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆன நேரம், நின்ன நேரம். வாங்கின பாத்திரம் எண்ணி லிஸ்ட். காய்கறி வண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி க்யூவுல மாட்டும்னு தெரியும், அதனால ராத்திரியே வந்து சேரணும்னு எழுதியாச்சு. பந்தி நடக்கும்போது பெரியம்மா பையன் இலைக்கட்டு பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். வந்தது 620, மீந்தது 93, கிழிஞ்சது 14. மீதி 513. காண்ட்ராக்டர் ஆளு எண்ணினதும் 513. அஞ்சு நிமிஷத்துல கணக்கு முடிஞ்சு, பாத்திரம் கழுவினவங்களுக்கு என் கண் முன்னாடியே கூலி போச்சு. அப்பா அன்னிக்கு மதியம் பந்தியில உட்கார்ந்து ரெண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்கா கல்யாணத்துல அவர் சாப்பிடவே இல்ல.

எல்லாத்தையும் நோட்டு தடுத்துடுமான்னா, இல்ல. ஆனா இல்லாதவன் கதையையும் கேளுங்க. எண்ணூர்ல இருக்கற எங்க சித்தப்பா, 2023 டிசம்பர் மொத வாரத்துல பொண்ணு கல்யாணம் வெச்சிருந்தார். மிக்ஜாம் புயல். மண்டபத்துக்குள்ள முழங்கால் தண்ணி. கல்யாணம் தைக்குத் தள்ளிப் போச்சு. தேதி மாறினா அட்வான்ஸ் அப்படியே செல்லும்னு வீடியோக்காரர் முன்னாடியே வாட்ஸப்ல ஒரு வரி அனுப்பியிருந்தார், சொன்னபடி வந்து நின்னார். டெக்கரேஷன்காரர்கிட்ட குடுத்த 40,000 அம்பேல். "அந்தத் தேதியை உங்களுக்காக பிளாக் பண்ணி வெச்சேனே"ன்னுட்டார். அவர் சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கலாம், ஆனா எது பாதின்னு சொல்ல பேப்பர் இல்ல. அதே வெள்ளத்துல எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுப்பாகி, மீன்பிடிக்கப் போக முடியாம கிடந்த வீடுங்க அந்தத் தெருவுலயே எத்தனையோ. 40,000-ங்கறது அங்க எத்தனை மாச அடுப்புன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

சட்டம் இருக்கேன்னு கேட்பீங்க, இருக்கு. வாய்வார்த்தையும் சட்டப்படி ஒப்பந்தம்தான், நிரூபிக்கறதுலதான் தாவு தீரும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல ரசீது தராம இருக்கறதையே முறையற்ற வணிகம்னு எழுதியிருக்காங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் உள்ள விவகாரத்துக்குக் கட்டணமே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். 1915-க்கு போன் பண்ணி விவரமும் கேட்கலாம். சித்தப்பாவுக்கும் சொன்னேன். "ஆதாரம் என்ன இருக்கு"ன்னு நான் கேட்டதும் அவர் சட்டைப் பையைத் தடவினது இன்னும் கண்ணுல நிக்குது. அரசாங்கமே 2009-ல சட்டம் போட்டு, கல்யாணத்தையே 90 நாளுக்குள்ள எழுதிப் பதிவு பண்ணுங்கடான்னுது. தாலிக்கே பேப்பர் வேணும்னு ஆனப்புறம் சாம்பாருக்கு வேணாமாம்!

டீக்கடைக்காரர் விஷயத்துக்கு வர்றேன். நாளைக்கு என் பழைய நோட்டை எடுத்துட்டுப் போய் அவர் கையில குடுக்கப் போறேன். எழுதறதும் எழுதாததும் அவர் பாடு.

மாமாதான் இன்னும் முகம் குடுத்துப் பேசல. 2011-ல அந்த ஆளுங்ககிட்ட அவர் கமிஷன் வாங்கினாரா இல்லையான்னு நான் இது வரைக்கும் கேட்டதில்ல, அம்மா கேட்கக் கூடாதுன்னுட்டாங்க. அவர் பையனுக்கும் தையிலதான் கல்யாணம். பத்திரிகை மட்டும் கொரியர்ல வந்துச்சு. நேத்து ராத்திரி பீரோவைத் திறந்து மொய் நோட்டைப் பார்த்தேன். தங்கச்சி கல்யாணத்துக்கு அவர் வெச்சது 5,001. அம்மா இப்பவே கவர்ல போட்டு வெச்சுட்டாங்க.