கபடிக் கூட்டமைப்பின் தலைவருக்கு: தேர்வுக்கு ஆதாரம் எது?

இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

எடப்பாடியிலிருந்து இராசிபுரம் வரையிலும் சங்ககிரியிலிருந்து ஆத்தூர் வரையிலும் பரந்திருக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில், கோயில் நோம்பி முடிந்த கையோடு மின்விளக்கொளியில் நடக்கும் கபடிப் போட்டிகளைப் பார்த்துப் பழகிய ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. விசைத்தறிக் கூடத்திலும் லாரிப் பட்டறையிலும் கோழிப்பண்ணையிலும் பகலில் உழைத்துவிட்டு இரவில் களமிறங்குவோருள் எவருக்குக் கணுக்கால் பிடி வாய்க்கும், எவர் கடைசி நிமிடத்தில் பதறுவார் என்பதையெல்லாம் அக்கூட்டம் எழுதாமலேயே நினைவில் வைத்திருக்கிறது. அதன் சார்பில் எழும் கேள்வி ஒன்றே: இந்திய அணிக்கு ஒருவரைச் சேர்க்கும்போதும் ஒருவரை ஒதுக்கும்போதும் கூட்டமைப்பு எடுத்துக்காட்டக்கூடிய எழுத்து ஆதாரம் எது?

கபடியைப் போல ஒவ்வொரு அசைவுக்கும் கணக்கு உள்ள ஆட்டம் அரிது. பாடிச் செல்லும் ரைடர் 30 நொடிக்குள் எத்தனை பேரைத் தொட்டுத் திரும்புகிறாரோ அத்தனை புள்ளி. எதிரணியில் ஆறு பேராவது நிற்கும்போது போனஸ் கோட்டைக் கடந்து ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தரையிலிருந்து எடுத்தால் அதற்கொரு புள்ளி. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ எஞ்சிய அணி ரைடரை மடக்கிவிட்டால், சூப்பர் டேக்கிள் என்ற பெயரில், வழக்கமான புள்ளியோடு இன்னொன்று. இவற்றைப் பதிவதற்கென்றே முறையான போட்டியில் நடுவர்களுடன் ஸ்கோரர் ஒருவரும் உதவி ஸ்கோரர் இருவரும் அமர்த்தப்படுகின்றனர். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் ஒரு வீரரின் ரைடு புள்ளியும் டேக்கிள் புள்ளியும் எந்த ரசிகருக்கும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. மாவட்டப் போட்டியின் ஸ்கோர் தாளோ கோப்பை வழங்கப்பட்டதோடு ரசிகர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. லீக்கில் ஏலம் போனவருக்கு வரலாறு உண்டு. ஊர்க்களத்தில் ஆடியவருக்கு வாய்மொழிப் புகழ் மட்டுமே மிச்சம்.

இக்குறை சிறியதன்று என்பதை 2018ஆம் ஆண்டு காட்டியது. 1990இல் பெய்ஜிங்கில் தொடங்கி 2014 வரை ஆசிய விளையாட்டின் ஏழு தங்கங்களையும் தொடர்ந்து வென்ற ஆடவர் அணி, 1994இல் ஹிரோஷிமாவில் மணத்தி கணேசன் ஆடிய அந்த மரபின் வாரிசு, ஜகார்த்தா அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. அதே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம், ஜனார்தன் சிங் கெலோட் கூட்டமைப்பின் வாழ்நாள் தலைவராக்கப்பட்டதும் அவருடைய மனைவி மிருதுல் படோரியா தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தேர்வில் முறைகேடு நடந்ததாக முன்னாள் வீரர்கள் தொடுத்த இன்னொரு வழக்கில், ஆசிய விளையாட்டில் ஆடிய அணியும் ஒதுக்கப்பட்டோரின் அணியும் செப்டம்பர் 15 அன்று நேருக்கு நேர் மோத வேண்டும் என்றும் அந்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆசிய விளையாட்டு அணி களத்துக்கே வரவில்லை. வந்திருந்தாலும் ஒற்றை ஆட்டத்தால் எதுவும் உறுதிப்பட்டிருக்காது என்பது வேறு. ஆயினும், ஒரு விளையாட்டின் தேர்வாளர்கள் செய்ய வேண்டிய வேலையை நீதிபதிகள் செய்யும் நிலை வந்தது ஏன் என்பதற்கு விடை, தேர்வாளர்களிடம் காட்டுவதற்குத் தாள் ஏதும் இல்லாமல் போனதே என்று கருத இடமிருக்கிறது.

ஸ்கோர் தாளின் மதிப்பு, அதில் பதிவாகும் முடிவைச் சொல்லும் நடுவரின் மதிப்பே ஆகும். 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோவில் ஈரானுடன் நடந்த ஆசிய விளையாட்டு ஆடவர் இறுதி ஆட்டம் 28-28 என்று சமநிலையில் இருந்தபோது, இந்திய ரைடர் பவன் செராவத் எவரையும் தொடாமலே லாபிக்குள் கால் வைத்தார். ஈரானின் தடுப்பாட்டக்காரர்களும் அவரைத் தொடர்ந்து உள்ளே நுழைந்தனர். லாபி என்பது களத்தின் இருபுறமும் உள்ள ஒரு மீட்டர் அகலப் பட்டை. ரைடர் எதிராளியைத் தொட்ட பிறகே அது ஆடுகளத்தின் பகுதியாகும். ஒரு விதியின்படி ரைடர் மட்டும் ஆட்டமிழப்பார், இன்னொரு விதியின்படி பின்தொடர்ந்தவர்களும் ஆட்டமிழப்பர். எது நடப்பிலுள்ள விதி என்பதில் நடுவர்களுக்கே தெளிவில்லாமல் முடிவு மாறி மாறி அறிவிக்கப்பட்டு, ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்று, இறுதியில் இந்தியா 33-29 என்று வென்றது. வென்றதனால் அந்தக் குழப்பத்தை மறந்துவிடுவது ரசிகருக்கு எளிது, கூட்டமைப்புக்கு அழகன்று. சேலத்துச் செம்மண் களத்தில் விழாக் குழுவின் ஒலிபெருக்கி நடுவரைவிட உரத்துப் பேசுவதைக் கண்டு சிரிப்பவர்கள், ஆசிய இறுதியிலும் ஏறக்குறைய அதையே கண்டார்கள்.



மறுக்கப்படுவதும்கூட எழுத்தில் இருந்தால் பயன்படும் என்பதற்குச் சான்று இவ்வட்டாரத்திலேயே உள்ளது. சின்னப்பம்பட்டியின் கிரிக்கெட் வீரர் த. நடராஜன் 2015இல் தம் முதல் ரஞ்சி ஆட்டத்தை ஆடியபோது அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது என்று புகாரளிக்கப்பட்டது. குறை இன்னதென்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டதால் பயிற்சியாளர்கள் அதைத் திருத்த முடிந்தது. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் அவர் வீசிய யார்க்கர்கள் பதிவாயின. 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டவர், 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் இந்தியாவுக்காக ஆடினார். கிரிக்கெட்டின் பணம் கபடிக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் தேர்வு முகாமிலிருந்து திருப்பியனுப்பப்படும் நாமக்கல் இளைஞரிடம், பிடி தளர்ந்ததா, மண்ணில் பழகிய கால் செயற்கை விரிப்பில் வழுக்கியதா, எடை மிகுந்ததா என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுப்பதற்குக் கோடிகள் தேவையில்லை.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற ஆணையின்படி நிர்வாகப் பொறுப்பு, நீதிமன்றம் அமர்த்திய நிர்வாகியிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் கைக்கு வந்துவிட்டதால், அந்த நிர்வாகியின் மேல் பழி போடும் வசதி இனி எவருக்கும் இல்லை. ஆகவே மாவட்டப் போட்டி முதல் தேசியப் போட்டி வரை ஒவ்வோர் ஆட்டத்தின் ஸ்கோர் தாளையும் ஒரு வாரத்துக்குள் வெளியிடவும், முகாமுக்கு அழைக்கப்பட்டோர் அனைவரின் புள்ளிக் கணக்கையும் தேர்வாளர் கருத்தையும் அணியின் பெயர்ப் பட்டியலோடு சேர்த்தே அறிவிக்கவும், விதி மாறும்போது மாற்றத்தைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அச்சிட்டு மாவட்ட நடுவர்களுக்கு அனுப்பவும் தலைவர் அவர்கள் ஆணையிட வேண்டும். அடுத்த தேர்வு முகாமிலேயே இது தொடங்கட்டும்.

இங்ஙனம்,
சேலம், நாமக்கல் வட்டாரக் கபடி ரசிகர்கள்