காணியைப் பங்கிடுமுன்

நீண்ட அகதி வாழ்வின் பின் காணி கிடைக்கும்போது விரைவாகப் பங்கிட விரும்புவது இயல்பே. ஆயினும், 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கலாகாது. எல்லைக்கல் நடுமுன் ஊர்ப் பெரியவர்களோடு காணியைச் சுற்றி நடப்போம். மாரியில் நீர் எவ்வழி வருகிறது, எங்கே தேங்குகிறது எனக் கேட்டறிவோம். வெள்ளவாய்க்காலையும் குளக்கரையையும் எவருக்கும் பங்கிடாது பொதுவில் விடுவோம். கிணறு மேட்டிலும், மலசலகூடம் அதற்குக் கீழே நன்கு தள்ளியும் அமையட்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் அழுக்கு விரைவில் கிணற்றைச் சேரும்.

பள்ளக்காணி, கூட்டத்தில் பேசத் துணியாத, கணவனை இழந்த பெண்ணுக்கே ஒதுக்கப்பட்டுவிடக்கூடும். இது நீதியன்று. ஒவ்வொருவர் பங்கும் சிறிது குறையட்டும். எல்லோரும் மேட்டில் குடியிருப்போம்.