நாளைக்குப் பத்திரிகை வருமா?

நிறுவனம் தடுமாறும்போது ஆட்களை எப்படி நடத்துவது என்று இப்போது ஹோட்டல் மண்டபங்களில் பயிற்சிப் பட்டறை வைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தப் பாடத்தை ஒரு பத்திரிகைக் கந்தோர் எப்போதோ நடத்திக் காட்டிவிட்டது. 2006 மே 2ஆம் திகதி 'உதயன்' நாளிதழின் பணிமனைக்குள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டதில் பணியாளர் இருவர் மாண்டார்கள். ஓகஸ்டில், போரால் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 தரைவழிப் பாதை மூடப்பட, அச்சுத்தாளுக்கும் தட்டுப்பாடு. பக்கங்கள் சுருங்கின, பத்திரிகை நிற்கவில்லை. பிரதம ஆசிரியர் ம.வ.கானமயில்நாதன் உயிர் அச்சுறுத்தலால் ஆண்டுக்கணக்காகப் பணிமனைக்குள்ளேயே தங்கி வேலை செய்தார். 2021இல் காலமாகும் வரை அவர் பெயரோடு ஒட்டியிருந்த செய்தி இதுதான்.

இதை வீரக்கதையாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். நிச்சயமற்ற காலத்தில் 'எல்லாம் சரிவரும்' என்ற வாக்குறுதியை எவரும் நம்புவதில்லை. இன்றிரவு செய்யவேண்டிய வேலை எது, அதைச் சொல்பவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதைத்தான் பார்க்கிறார்கள். பத்துப் பக்கம் முடியாவிட்டால் நாலு பக்கம் என்று இலக்கைச் சுருக்கத் தெரிந்தவரே வேலையைக் காப்பாற்றுகிறார். ஆனால் ஒன்று: தன் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை தலைவருக்கு உண்டு, மற்றவர் உயிரை வைக்கும் உரிமை இல்லை. பயந்து விலகிப் போனவரைக் கோழை என்று சொல்லாத கந்தோருக்குத்தான் ஆட்கள் திரும்பி வருவார்கள்.