பேசும் கற்களை அறுக்கலாமா?

மத்திய அமெரிக்காவின் காடுகளில் கல் ராஜாக்கள் நிற்கிறார்கள். தலையில் பெரிய இறகுக் கிரீடம். மார்பில் ஆபரணம். இவர்கள் மாயா இனத்து அரசர்கள்.

குவாட்டமாலா நாட்டில் கிரிகுவா என்ற ஊர் இருக்கிறது. அங்கே 771-ம் ஆண்டில் நட்ட ஒரு கல்லின் உயரம் சுமார் 35 அடி. அத்தனையும் ஒரே கல்!

இவை அழகுக்காக வைத்த சிலைகள் அல்ல. மாயா மக்களின் கணக்கில் 7,200 நாட்கள் சேர்ந்தது ஒரு "கதுன்". அதாவது ஏறக்குறைய 20 ஆண்டு. ஒரு கதுன் முடிந்ததும் அரசன் கல் நடுவான். அடியில் காணிக்கைப் பொருள்களைப் புதைப்பார்கள். சாம்பிராணி போன்ற பிசினைப் புகைப்பார்கள். அரசன் தன் ரத்தத்தையே தெய்வத்துக்குக் கொடுப்பான்.

ராணியும் கொடுத்தாள். மெக்சிகோவில் உள்ள யாஷ்சிலான் நகரத்தின் வாசல் கல் ஒன்றில் அந்தக் காட்சி இருக்கிறது. ராணி முள் கயிற்றைத் தன் நாக்கில் கோத்து இழுக்கிறாள். அரசன் தீவட்டி பிடித்து நிற்கிறான். அது நடந்தது 709-ம் ஆண்டில். தேதியையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கல் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

கல்லில் உள்ள எழுத்துக்கள் அரசர்களின் வரலாறு என்பதை 1960-ல் எடுத்துக்காட்டியவர் டாட்டியானா புரோஸ்குரியாகாப் என்ற பெண் அறிஞர்.

அதே காலத்தில்தான் திருடர்களும் காட்டுக்குள் புகுந்தார்கள். முழுக்கல்லைத் தூக்க முடியாது. ஆகவே முகப்பை மட்டும் ரம்பத்தால் அறுத்தார்கள். பக்கத்தில் இருந்த எழுத்து பாழாயிற்று. அரசன் யார், என்ன செய்தான் என்ற செய்தியும் அதோடு போயிற்று.

குவாட்டமாலாவின் மச்சாகிலா கல்லையும் இப்படித் துண்டுபோட்டு அமெரிக்காவுக்குக் கடத்தினார்கள். ஆனால் இயன் கிரகாம் என்ற ஆய்வாளர் அதை முன்பே காட்டில் பார்த்துப் படம் எடுத்திருந்தார். திருட்டு அம்பலமாயிற்று. கடத்தியவனுக்குக் கிடைத்த தண்டனையை 1974-ல் அப்பீல் கோர்ட்டும் உறுதி செய்தது. கல் தாய்நாடு திரும்பியது.

"காட்டு மழையில் கரைவதைவிட எங்கள் வீட்டில் இருக்கட்டுமே!" என்று பணக்காரர்கள் சிலர் சொல்லலாம். அந்த வாதம் நிற்காது. அறுத்த கல் வெறும் பொம்மை. நட்ட இடத்தில் நிற்கும் கல்தான் சாட்சி.

மாயா மக்கள் அழிந்து போகவில்லை. குவாட்டமாலாவிலும் மெக்சிகோவிலும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். அது அவர்களுடைய பாட்டன் சொத்து.

வாங்குகிறவன் இருக்கும்வரை அறுக்கிறவனும் இருப்பான். முதலில் திருந்த வேண்டியவன் வாங்குகிறவன்தான்!