தோல் அறுவை சிகிச்சையும் டெலிமெடிசினும் – கத்திக்கு முன்னும் பின்னும்

டெலிமெடிசின் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கடல் கடந்து ரோபோ செய்யும் ஆபரேஷன்தான். அது வெறும் கற்பனையும் அல்ல. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் ழாக் மரெஸ்கோவின் குழு, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் படுத்திருந்த ஒரு பெண்ணின் பித்தப்பையை ரோபோ மூலம் அகற்றியது. உலகமே வியந்தது!

ஆனால் மரு, மச்சம், கொழுப்புக் கட்டி, சதைக்குள் வளர்ந்த நகம் போன்றவற்றுக்குச் செய்யப்படும் சிறு அறுவைக்கு ரோபோ எதற்கு? அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். இங்கே டெலிமெடிசினுக்கு வேலை இருப்பது கத்தி வைப்பதற்கு முன்பும், வைத்த பின்பும்தான். அதிலும் பின்பு செய்ய வேண்டிய வேலையைத்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பில்லில் வராத செலவு

ஒரு சிறு கட்டியை அகற்ற நோயாளி எத்தனை முறை அலைய வேண்டும்? காட்டுவதற்கு ஒரு முறை. ஆபரேஷனுக்கு ஒரு முறை. தையல் பிரிக்க ஒரு முறை (முகத்தில் என்றால் 5 முதல் 7 நாட்கள், கை கால்களில் என்றால் 10 முதல் 14 நாட்கள் கழித்து). பயாப்சி ரிப்போர்ட் வாங்க இன்னொரு முறை. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆனால் இழந்த நாலு நாள் கூலியை யார் தருவது? பஸ் செலவு, துணைக்கு வருபவரின் சம்பளம்... இவை எந்த மருத்துவமனையின் கணக்கிலும் வருவதில்லை. நோயாளியின் கணக்கில் மட்டும் வரும்.

அதனால் என்ன நடக்கிறது? புண் ஆறியது போலத் தெரிந்தால் கடைசிப் பயணம் கைவிடப்படுகிறது. ரிப்போர்ட் லேபிலேயே கிடக்கிறது. அதில் "புற்றுநோய்" என்று எழுதியிருந்தால்? மிச்சப்படுத்திய ஒரு நாள் கூலிக்கு உயிரே விலையாகி விடும்.

போட்டோவுக்குத் தெரியாதது

அதற்காக எல்லாவற்றையும் போனிலேயே முடித்து விடலாம் என்பதும் தவறு. கட்டி நகர்கிறதா, கல் போல இருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்பதை விரல்தான் சொல்லும். அதோடு, நோயாளி காட்ட நினைத்த இடம் மட்டுமே போட்டோவில் இருக்கும். கறுத்த தோல் உடையவர்களுக்கு மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் வந்தால், அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் விரலில் கண்டுபிடிக்கப்பட்டதும் இதுதான். 1981-ல், 36 வயதில் இறந்தார். நேரில் பார்க்கும் மருத்துவர் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பார். போட்டோ அதைச் செய்யாது.

ஆகவே முதலில் வரும் போட்டோ "இவரை உடனே வரச் சொல்ல வேண்டுமா, காத்திருக்கலாமா" என்று வரிசைப்படுத்த மட்டுமே உதவ வேண்டும். அறுப்பதா வேண்டாமா என்ற முடிவு நேரில்தான் எடுக்கப்பட வேண்டும்.

இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட டெலிமெடிசின் நெறிமுறைகளும் இதற்கு ஒத்துப் போகின்றன. போன், வீடியோ, வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. தூரத்தில் இருந்தபடி அறுவை செய்வது மட்டும் அதில் அடங்காது.

செய்ய வேண்டியது என்ன?

ஆபரேஷன் அன்றே நோயாளி கையில் ஒரு சீட்டு தரலாம். எந்த எண்ணுக்கு, எந்தெந்த நாளில் போட்டோ அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்தால் போதும். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால் வலி கூடுகிறதா, தொட்டால் சுடுகிறதா, சீழ் வடிகிறதா, காய்ச்சல் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

தையலை ஊருக்கு அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நர்ஸ் பிரிக்கலாம். சந்தேகம் வந்தால் வீடியோவில் மருத்துவரைக் கேட்கலாம். 2019-ல் தொடங்கிய இ-சஞ்சீவனி திட்டத்தில் கிராம சுகாதார மையத்தையும் மருத்துவரையும் இணைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. பயாப்சி ரிப்போர்ட்டை நோயாளி தேடி வரக் கூடாது. மருத்துவமனைதான் போன் செய்து சொல்ல வேண்டும்.

இன்னொன்று, மருத்துவரின் நேரம். இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் புண்ணைப் பார்த்துப் பதில் சொல்வதும் வேலைதான். அதற்கு மதிப்பு கொடுக்காவிட்டால் நல்ல மனம் உள்ள சிலரோடு இந்த வசதி நின்று விடும். அரசு மருத்துவமனையில் அதைப் பணி நேரமாகவும், தனியாரில் ஆபரேஷன் கட்டணத்தின் ஒரு பகுதியாகவும் கணக்கிட வேண்டும். படங்களும் மருத்துவரின் சொந்த போனில், குடும்பப் போட்டோக்களுக்கு நடுவே கிடக்காமல், மருத்துவமனைப் பதிவேட்டில் சேர வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு போன், ஒரு சீட்டு, பொறுப்பேற்க ஒரு நர்ஸ். கடைசிப் பயணத்துக்குக் காசில்லாத ஒருவரின் ரிப்போர்ட் அவரைத் தேடிப் போய்ச் சேர இவை போதும்!